தங்க முட்டையில குஞ்சு வருமா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா? கை காட்டுறாங்க, சந்தோஷம்.

இந்த விழாவுக்குத் தலைமை தாங்குற பெரியவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னாடி அருமையா பேசி உக்காந்திருக்கிற தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கின டாக்டர் அவர்களே, இந்தக் குழந்தைகள் நூலகத்தைப் பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்கிற நூலகர் அம்மா அவர்களே, நன்றியுரை சொல்றதுக்காகக் கையில பேப்பரோட காத்திருக்கிற தம்பி அவர்களே, வந்திருக்கிற தாத்தா பாட்டிமாரே, அப்பா அம்மாக்களே, எல்லாருக்கும் மேல முன்னாடி தரையில சப்பணம் போட்டு உக்காந்திருக்கிற என் செல்லங்களே.

தலைவர் ஐயாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம மேல போனா அது முறையில்ல. போன தடவை நான் பேசினப்ப முதல் வரிசையில இருந்தார், கூட்டம் கலைஞ்சதும் நேரா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "எங்க அம்மா சொன்ன பாம்புக் கதையை ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஞாபகம் வந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன்"னார், அப்ப அவர் குரல் உடைஞ்சு போச்சு. அந்தப் பாம்புக் கதையை இன்னைக்கு அவர் முன்னாடியே சொல்லப்போறேன், அதை என் பாக்கியமா நினைக்கிறேன். தலைமை ஆசிரியை அம்மா அவங்க பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒரு பீரியட் கதைக்குன்னே ஒதுக்கியிருக்காங்க, பரீட்சை வந்தாலும் அந்தப் பீரியடைக் கணக்குக்கு விட்டுக் கொடுக்கிறதில்ல. அதுக்கு எவ்வளவு மனதைரியம் வேணும்னு வாத்தியார் வேலை பாத்தவங்களுக்குத்தான் தெரியும். நூலகர் அம்மாவுக்கு ஒரு தனி வணக்கம். கிழிஞ்ச புத்தகத்தை ராத்திரி உக்காந்து பசை போட்டு ஒட்டி, காலையில எதுவும் நடக்காத மாதிரி அலமாரியில வச்சிடுறாங்க, நான் பாத்திருக்கேன். டாக்டர் ஐயாவோட உதவி எனக்குப் பேச்சு நடுவுல தேவைப்படும், அப்ப கூப்பிடுறேன்.

சரி, எனக்குக் கொடுத்த தலைப்பு மாய விலங்கும் மனுஷனோட பேராசையும். மூணு விஷயம் குறிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு, இந்தக் கதை எந்தெந்த ஊர்ல எப்படியெல்லாம் சொல்றாங்க. ரெண்டாவது, அந்த விலங்கு பக்கம் போய் நின்னுக்கிட்டுக் கதையைப் பாத்தா என்ன தெரியுது. மூணாவது, இந்தக் கதைகள்ல ஏன் எப்பவும் தங்கமே வருது, நெல்லோ துணியோ ஏன் வர்றதில்ல.

அதுக்கு முன்னாடி என் பழமொழி. எங்க மைக்கைப் பிடிச்சாலும் இதைச் சொல்லாம நான் இறங்குறதில்ல. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசிக் காரியம் சாதிக்கணும்னு நிறைய பேர் இதுக்கு அர்த்தம் சொல்றாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. இது முதல்ல மாட்டைப் பத்தின பழமொழி, மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்தவங்க சொன்னது.

எங்க பாட்டி கறக்கிறதை நான் பக்கத்துல குத்தவச்சுப் பாத்திருக்கேன். முதல்ல கன்னுக்குட்டியை அவுத்து விடுவாங்க, அது ஓடி வந்து மடியில முட்டி முட்டி நாலு காம்பையும் மாத்தி மாத்தி சப்பும், அதோட கடவாயில நுரை தள்ளினதும் பாட்டி அதைப் பிடிச்சு இழுத்து தாய் மூஞ்சிக்கு எட்டுற தூரத்துல கட்டிடுவாங்க, மாடு அதை நக்கிக்கிட்டே நிக்கும். அப்புறம்தான் மடியைக் கழுவி, கட்டைவிரல்ல துளி எண்ணெய் தொட்டுக்கிட்டு, ராகம்னு சொல்ல முடியாத ஒரு முனகல் முனகிக்கிட்டே கறப்பாங்க. காலி செம்புல முதல் பீச்சு விழுறப்ப சர்ர் சர்ர்னு சத்தம், நுரை ஏற ஏற அந்தச் சத்தம் அமுங்கி மெத்து மெத்துன்னு ஆயிடும், சத்தத்தை வச்சே செம்பு எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு திண்ணையில இருக்கிறவங்க சொல்லிடுவாங்க. ஒருநாள் பாட்டிக்குக் காய்ச்சல், வீட்டுல ஒருத்தர் அவசரமா வந்து கன்னுக்குட்டியை அவுக்காம, மாட்டோட பின்னங்காலைக் கட்டி, அதட்டி, முதுகுல ரெண்டு தட்டு தட்டிக் கறக்க உக்காந்தார். மடி பானையாட்டம் இருக்கு, செம்புல உள்ளங்கை அளவு கூட இல்ல. படுத்த இடத்துல இருந்தே பாட்டி சொன்னாங்க, "அது பாலை அடக்கிக்கிச்சுடா, இனி சாமியே வந்தாலும் விடாது."

டாக்டர் ஐயா, இதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறேன்னேன், தப்பா சொன்னா திருத்துங்க. கன்னு சப்புறப்ப மாட்டோட மூளையில இருந்து ஆக்ஸிடோசின்னு ஒரு சுரப்பு ரத்தத்துல கலந்து மடியை அடையுது, அது மடிக்குள்ள இருக்கிற சின்னச் சின்னத் தசைகளைச் சுருங்க வச்சு பாலைக் கீழ தள்ளுது. மாடு பயந்தா அட்ரினலின் வந்து அந்த வேலையை நிறுத்திடுது. பால் உள்ளதான் இருக்கும், ஆனா வராது. தலையாட்டுறார், நன்றி ஐயா. மாடு மனசு வச்சாத்தான் பால். இதை மனசுல வச்சுக்கிட்டு வாத்துக் கதைக்கு வாங்க.

தங்க முட்டை இடுற வாத்துக் கதை தெரியாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. கிரேக்கத்து ஈசாப் பேர்ல வழங்குற கதை. ஒருத்தன் வீட்டுல ஒரு பறவை தினம் ஒரு தங்க முட்டை இடுது, வயித்துக்குள்ள பெரிய தங்கக்கட்டி இருக்கும்னு நினைச்சு அறுத்துப் பாத்தான், மத்த பறவைக்கு என்ன இருக்குமோ அதுதான் அதுக்கும் இருந்துச்சு. அவ்வளவுதான், நாலே வரி. பிரெஞ்சுல லா ஃபோந்தேன் 1668ல கவிதையா எழுதினப்ப அது கோழி, இங்கிலீஷ்ல அது கூஸ், நம்மகிட்ட வந்தப்ப வாத்து. ஸ்டித் தாம்ஸன்னு ஒரு அமெரிக்க அறிஞர் உலகத்து நாட்டார் கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற சங்கதிகளுக்கெல்லாம் நம்பர் போட்டு ஆறு தொகுதியா அடுக்கினார், அதுல செல்வம் தர்ற மாய விலங்கைக் கொன்னுடுறதுக்கு டி 876னு ஒரு நம்பரே இருக்கு. நம்பர் போட்டுத் தனி அறை கொடுக்கிற அளவுக்கு மனுஷன் இதை ஊரூராச் செஞ்சிருக்கான், ஊரூராச் சொல்லி வருத்தப்பட்டிருக்கான்.

இப்ப ஒரு சம்பவம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு பள்ளிக்கூடத்துல கதை சொல்லக் கூப்பிட்டாங்க. எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைங்க, மதிய சாப்பாடு முடிஞ்ச நேரம், பாதிப் பேருக்குத் தூக்கம் சொக்குது. நான் வாத்துக் கதையை எடுத்தேன். சும்மா சொல்லல, வாத்து மாதிரி நடந்து காட்டினேன், முட்டை இடுறப்ப அது முக்குற முக்கலை எல்லாம் செஞ்சு காட்டினேன், கிளாஸ் முழுக்கச் சிரிப்பு, தூங்கினவன் எல்லாம் முழிச்சிட்டான். முட்டை தங்கம்னு தெரிஞ்ச இடத்துல அந்த ஆள் அதைப் பல்லால கடிச்சுப் பாத்தான்னு சொன்னேன், ஒரு பையன் தானும் கடிக்கிற மாதிரி செஞ்சான். அப்புறம் கத்தியை எடுத்தான்னு குரலை இறக்கினேன், சத்தமே இல்ல, ஒரு பொடியன் கண்ணை மூடிக்கிட்டான். கதை முடிஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லாம நின்னேன்.

முதல்ல ஒருத்தன் எந்திரிச்சான், "சார், ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கலாம்ல?" எல்லாரும் கைதட்டினாங்க. அடுத்தவன், "சார், அவன் தினம் ஒரு தங்க முட்டையைக் கொண்டு போய் வித்தா எங்கருந்து திருடினேன்னு போலீஸ் கேக்க மாட்டாங்களா?" நல்ல கேள்வி, எனக்கே தோணினதில்ல. இன்னொருத்தன், "சார், அந்த ஆளு பொண்டாட்டி என்ன சொன்னாங்க, வேணாம்னு தடுக்கலயா?" இப்படி ஆளாளுக்குக் கை தூக்குறாங்க, சார் சார்னு பெஞ்சு மேல ஏறுறாங்க, மதியத் தூக்கம் எங்க போச்சுன்னு தெரியல. அப்ப ஜன்னல் ஓரம் ஒரு பொண்ணு, அதுவரைக்கும் வாயே திறக்காதவ, ஒரு விரலை மட்டும் தூக்கினா. சொல்லும்மான்னேன். "சார், முட்டையெல்லாம் தங்கமா இருந்தா குஞ்சு எப்படி சார் வரும்?"

கிளாஸ்ல கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. நானும் பேசல. அவ நிறுத்தல, மெதுவா அடுத்ததைக் கேட்டா. "அது ஒவ்வொரு தடவையும் அடைகாக்க உக்காந்து பாத்திருக்கும்ல சார்?"

ஐயா, அம்மா, நான் அந்தக் கதையை நூறு தடவைக்கு மேல சொல்லியிருப்பேன். அந்த வாத்துக்கு ஒரு ஆசை இருந்திருக்கும்னு ஒரு தடவை கூட நினைச்சதில்ல. தங்கம் நமக்குத்தான் வரம், அதுக்கு அது மலட்டு முட்டை. தினம் ஒண்ணு இடும், உக்காந்து சூடு கொடுக்கும், நாம வந்து எடுத்துக்கிட்டுப் போவோம், அது மறுநாள் மறுபடி இடும். அந்தப் பொண்ணு கேட்டப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டு இருக்கா, பதிலுக்காகப் பாத்துக்கிட்டு இருக்கா. கூட இருந்த டீச்சர், நல்லவங்கதான், பெல் அடிக்கப் போகுதேன்னு அவசரம், "உக்காரும்மா, அதெல்லாம் கதையில வராது, எல்லாரும் நோட்டை எடுங்க, நீதி எழுதுங்க, பேராசை பெருநஷ்டம்"னாங்க. நாப்பது தலையும் குனிஞ்சுது, நாப்பது பென்சிலும் ஓடுச்சு, ஜன்னல் ஓரத்துப் பொண்ணும் எழுதினா. எழுதி முடிச்சு நோட்டை மூடினப்ப அந்த மூஞ்சியைப் பாத்தேன், கேள்வி கேட்ட மூஞ்சி இல்ல அது, வீட்டுப்பாடம் முடிச்ச மூஞ்சி. பாலை அடக்கிக்கிச்சு. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும், பிள்ளைங்களும் அப்படித்தான்யா.

வாத்தோட வயித்துக்குள்ள உண்மையில என்ன இருந்திருக்கும்னு அதுக்கப்புறம் யோசிச்சேன். முட்டை இடுற கோழியை அறுத்துச் சுத்தம் பண்ணினவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. உள்ள திராட்சைக் கொத்தாட்டம் மஞ்சக்கரு தொங்கும், பெருசா ஒண்ணு, அதை விடக் கொஞ்சம் சின்னதா ஒண்ணு, அப்புறம் கோலிக்குண்டு அளவு, பட்டாணி அளவு, கடுகு அளவுன்னு வரிசையா. அது நாளைக்கு முட்டை, நாளன்னைக்கு முட்டை, அடுத்த வாரத்து முட்டை. ஒரு முட்டை உருவாகி வெளிய வர கோழிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகுது, அதுல இருபது மணி நேரம் ஓடு மூடுறதுக்கே போயிடுது. உள்ள கிட்டங்கி எதுவும் கிடையாது, அடுக்கி வச்ச முட்டை கிடையாது. அந்த ஆள் அறுத்தப்ப உள்ள தங்கம் இல்லன்னு கதை சொல்லுது. என்னைக் கேட்டா அந்தக் கொத்து இருந்திருக்கும், கடுகு கடுகா அவனோட நாளைகள் எல்லாம் வரிசையில நின்னிருக்கும். அவனுக்கு அது தங்கமா தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்.

இதே கதை நம்ம நாட்டுல பௌத்த ஜாதகக் கதைகள்ல, அதாவது புத்தரோட முற்பிறவிக் கதைகள்ல இருக்கு. 547 கதைகள்ல 136ஆவது, சுவண்ணஹம்ச ஜாதகம், தங்க அன்னத்தோட கதை. இது எப்படிப் பிறந்துச்சுன்னு கேளுங்க, பூண்டுல பிறந்துச்சு. சாவத்திங்கிற நகரத்துல ஒரு பக்தர், பிக்குணிகள்னு சொல்ற பௌத்தப் பெண் துறவிகளுக்கு எல்லாம் பூண்டு தர்றேன், வந்து வாங்கிக்குங்கன்னு சொல்லியிருந்தார். வீட்டுல பூண்டு தீந்த ஒரு நாள், தோட்டத்துல போய் எடுத்துக்குங்கன்னாங்க. துல்லநந்தான்னு ஒரு பிக்குணி போய் அளவே இல்லாம அள்ளிக்கிட்டு வந்துட்டாங்க, தோட்டக்காரன் கொதிச்சுட்டான், விஷயம் புத்தர் காதுக்குப் போச்சு. அப்ப அவர், இவ போன பிறவியிலயும் இப்படித்தான்னு சொன்ன கதைதான் இது.

ஒரு பிராமணன் பொண்டாட்டியையும் மூணு பொண்ணுங்களையும் விட்டுட்டுச் செத்துப் போறான், தங்க இறகு உள்ள அன்னமா மறுபடி பிறக்கிறான். முற்பிறவி ஞாபகம் இருக்கு. பாத்தா பொண்டாட்டி பிள்ளைங்க அடுத்த வீட்டுல வேலை செஞ்சு வயித்தைக் கழுவுறாங்க. மனசு கேக்கல, அப்பப்ப பறந்து வந்து ஒரு இறகு, ஒரே ஒரு இறகு, போட்டுட்டுப் போகும். குடும்பம் தலையெடுத்துச்சு. அப்புறம் அம்மா பொண்ணுங்களைக் கூப்பிட்டு, பறவையோட மனசு யாருக்குத் தெரியும், நாளைக்கே வராம போயிட்டா, அடுத்த தடவை வந்தா மொத்தத்தையும் பிடுங்கிடலாம்னு சொல்றா. பொண்ணுங்க ஒத்துக்கல, அப்பாவுக்கு வலிக்கும்னு சொல்லிட்டாங்க. அம்மா கேக்கல, ஒருநாள் அன்னம் வந்தப்ப கிட்ட கூப்பிட்டு அமுக்கிப் பிடிச்சு எல்லா இறகையும் பிடுங்கிட்டா. பிடுங்கின இறகு கையில வந்ததும் கொக்கு இறகாட்டம் வெறும் வெள்ளையாப் போச்சு. அதோட மனசு இல்லாம எடுத்தா அது தங்கம் இல்ல.

இந்த ஒரு இடத்துக்காகவே இந்தக் கதையை நான் கிரேக்கக் கதைக்கு மேல வைப்பேன். அங்க தங்கம் வயித்துல இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி. இங்க தங்கம் கொடுக்கிற மனசுல இருக்கு. பாட்டி மடியைப் பத்திச் சொன்னாங்களே, அதே சங்கதி, ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும். அப்புறம் அந்தத் தாயை யோசிச்சுப் பாருங்க. அவ கெட்டவளா? நேத்து வரைக்கும் அடுத்தவங்க வீட்டுல வேலை செஞ்சவ. நாளைக்கு வராம போயிட்டான்னுதான் அவ சொன்னா, எனக்கு மாளிகை வேணும்னு கேக்கல. பசிச்சவளுக்கு நாளையைப் பத்தின பயம், அந்தப் பயம் இறகைப் பிடுங்க வச்சிடுச்சு. நோட்டுல பேராசைன்னு ஒரே சொல்லுல எழுதி மூடிட்டா இந்தப் பயம் எங்க போச்சு? அந்தப் பறவையை அவ பானையில போட்டு இரை வச்சு வளர்த்தாளாம், மறுபடி தங்கமா முளைக்கும்னு. வெள்ளையா முளைச்சுது, இறக்கை பறக்கிற அளவுக்கு வந்ததும் அது போயிடுச்சு, திரும்பி வரல.

தலைவர் ஐயா, இப்ப உங்க பாம்புக் கதை. பஞ்சதந்திரத்துல மூணாவது தந்திரத்துல வருது. ஹரிதத்தன்னு ஒரு ஏழைப் பிராமணன், நிலத்துல பாடுபட்டும் விளைச்சல் இல்ல. ஒரு நாள் வெயிலுக்கு மர நிழல்ல படுத்தவன் பக்கத்துப் புத்து மேல ஒரு நாகம் படம் எடுத்து நிக்கிறதைப் பாக்கிறான், இதுதான் என் வயலோட தெய்வம், இத்தனை நாள் இதைக் கும்பிடாம விட்டுட்டேனேன்னு ஒரு கிண்ணத்துல பால் கொண்டு வந்து வச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான். மறுநாள் காலையில கிண்ணத்துல ஒரு தங்கக்காசு. மூலத்துல தீனாரம்னு இருக்கு, ரோமாபுரியில தினாரியஸ்னு ஒரு காசு இருந்துச்சே, அங்கருந்து வந்த பேரு. தினம் பால், தினம் காசு. ஒரு நாள் அவன் வெளியூர் போறான், பையன்கிட்ட பாலை வைக்கச் சொல்றான். பையன் பாலை வச்சான், மறுநாள் காசைப் பாத்தான், புத்து முழுக்கக் காசு இருக்கும், பாம்பைக் கொன்னா ஒரேயடியா எடுத்துக்கலாம்னு கம்பால தலையில அடிச்சான். பாம்பு தப்பிச்சு அவனைக் கொத்துது, பையன் செத்துட்டான்.

கதை இங்க முடியலங்கிறதுதான் முக்கியம். அப்பன் திரும்பி வர்றான், பையனுக்கு ஆக வேண்டியது எல்லாம் ஆச்சு, அப்புறம் அவன் மறுபடி கிண்ணத்துல பாலை எடுத்துக்கிட்டுப் புத்துக்குப் போறான். அந்தக் காட்சியைப் பாருங்க, பிள்ளையைப் பறிகொடுத்த கை, அந்தக் கையில பால் கிண்ணம், குரல் கொடுத்துக் கூப்பிடுறான். பாம்பு முழுசா வெளிய வரல, வாசல்ல இருந்தே பேசுது. பட்ட அடியை நான் எப்படி மறப்பேன், பிள்ளை போன துக்கத்தை நீ எப்படி மறப்பேன்னு கேக்குது. கடைசியா ஒரு ரத்தினத்தைக் கொடுத்து, இனிமே வராதேன்னு சொல்லி உள்ள போயிடுது. ரெண்டு பேர்ல யார் மேலயும் கோபப்பட முடியாது. இதுக்கு என்ன நீதி எழுதுவீங்க? பேராசை பெருநஷ்டமா? பாம்புக்கு என்ன நஷ்டம்னு அந்த நோட்டுல எங்க எழுதுறது? தலைவர் ஐயாவோட அம்மா இந்தக் கதையைச் சொன்னப்ப கடைசியில நீதி சொன்னாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கிட்டேன். இல்லையாம், பாம்பு உள்ள போன இடத்தோட நிறுத்திட்டு விளக்கை அணைச்சிடுவாங்களாம். அதனாலதான் இத்தனை வருஷம் அது அவருக்குள்ள அணையாம இருந்திருக்கு.

விலங்கோட பக்கம் நிக்கிறதுன்னேனே, அதுக்கு ராமாயணத்துலயே சாட்சி இருக்கு. வசிஷ்டரோட மாயப் பசு சபலையை, அப்ப ராஜாவா இருந்த விசுவாமித்திரன் கேக்கிறான், யானை குதிரை ஆயிரக்கணக்கான பசு எல்லாம் ஈடா தர்றேங்கிறான், அவர் மாட்டேன்னதும் இழுத்துக்கிட்டுப் போறான். அந்தப் பசு பிடியை உதறிட்டு ஓடி வந்து வசிஷ்டர் முன்னாடி நின்னு, என்னைக் கைவிட்டுட்டீங்களான்னு அழுது. படை வந்தது, சண்டை நடந்தது எல்லாம் அப்புறம். எனக்கு அந்தக் கேள்விதான் காதுல நிக்குது.

ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் 1812ல போட்ட தொகுப்புல மீனவனும் பொண்டாட்டியும் கதை இருக்கு, ரஷ்யாவுல புஷ்கின் 1833ல அதையே தங்க மீனா எழுதினார். சுருக்கமா சொல்றேன், மணியைப் பாக்கிறாங்க. பிடிச்ச மீன் பேசுது, மீனவன் விட்டுடுறான், குடிசையில இருக்கிற பொண்டாட்டி போய் ஏதாச்சும் கேளுங்கிறா. சின்ன வீடு, அரண்மனை, ராஜா பதவி, சக்கரவர்த்தி, போப், கடைசியில கடவுள். ஆறு தடவை அவன் கடற்கரைக்குப் போறான், ஆறு தடவையும் கடலோட நிறம் மாறுது, முதல்ல பச்சையும் மஞ்சளுமா, அப்புறம் ஊதாவா, கறுப்பா, கடைசியில மலையுயரத்துக்கு அலை. மீன் ஒரு தடவை கூடத் திட்டல, போ, கேட்டது கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லுது, கடவுளாகணும்னு கேட்ட கடைசித் தடவை மட்டும், போ, அவ பழைய குடிசையிலயே உக்காந்திருக்கான்னு சொல்லுது. எல்லாரும் பொண்டாட்டியைத் திட்டுவாங்க. நான் அந்தப் புருஷனைப் பாக்கச் சொல்றேன். தப்புன்னு தெரியுது, மனசு வரல, கடல் கறுக்கிறது கண்ணுக்குத் தெரியுது, ஆனாலும் அவன்தான் போய் நிக்கிறான் ஒவ்வொரு தடவையும்.

ஏன் தங்கம்னு மூணாவதா ஒண்ணு சொன்னேன், அதுக்கு இன்னைக்கு நேரம் இல்ல. எனக்கு இருக்கிற மிச்ச நேரத்தை நான் ஊர் ஊரா எதுக்காக அலையுறேனோ அதுக்குக் கேக்கிறேன், தலைவர் ஐயா அனுமதிக்கணும்.

தயவுசெய்து கதைக்கு அடியில நீதி போடாதீங்க. புத்தகம் போடுறவங்ககிட்ட கேக்கிறேன், டீச்சருங்ககிட்ட கேக்கிறேன், அப்பா அம்மாகிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறேன். நீதி வேண்டாம்னு நான் சொல்லல, பிள்ளை நல்லவனா வளர வேண்டாம்னு சொல்லல. நீதியை நாம எழுதிக் கொடுத்த நிமிஷமே கதை முடிஞ்சிடுது, அறுத்துப் பாத்தாச்சு, உள்ள என்னன்னு தெரிஞ்சு போச்சு, இனி அது முட்டை இடாது. கதைதான்யா அந்த வாத்து! ஒரு பிள்ளைக்கு எட்டு வயசுல கேட்ட கதை எட்டு வயசுல ஒரு முட்டை போடும், இருபது வயசுல காதல்ல ஏமாந்தப்ப ஒண்ணு போடும், நாப்பது வயசுல தன் பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு இருக்கிறப்ப ஒண்ணு போடும். நமக்குப் பொறுமை இல்ல, இன்னைக்கே, இந்தப் பீரியட்லயே, அஞ்சு மார்க்குக்கு மொத்தத்தையும் எடுத்துடணும்னு கத்தியை எடுக்கிறோம். நாப்பது பிள்ளைங்களுக்கும் ஒரே பதில்னா அதுல யாரோட பதிலும் இல்ல.

இன்னொண்ணு, வாயால சொல்லுங்க. போன்ல வீடியோ போட்டுக் கொடுக்கிறது சுலபம், எனக்குத் தெரியும், வேலை முடிஞ்சு வந்து உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், அதையும் மறுக்கல. ஆனா வீடியோ பிள்ளையோட மூஞ்சியைப் பாக்காது. கத்தியை எடுத்தான்னு சொல்றப்ப கண்ணை மூடிக்கிட்ட அந்தப் பொடியனுக்காக நான் அடுத்த வரியைக் கொஞ்சம் மெதுவா சொன்னேன், அதை வீடியோ செய்யாது. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும், எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன். பத்து நிமிஷம் போதும். கதை தப்பா போனாலும் பரவாயில்ல, நடுவுல மறந்துட்டா பிள்ளையே சொல்லிக் கொடுக்கும். பிள்ளை கேள்வி கேட்டா பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, ரெண்டு பேரும் இருட்டுல கொஞ்ச நேரம் யோசிச்சுக்கிட்டுப் படுத்திருங்க. தாத்தா பாட்டி இருக்கிற வீடுன்னா அவங்க சொல்றதைப் போன்ல குரலா மட்டும் பதிஞ்சு வச்சுக்குங்க, அந்த முனகலோட, இருமலோட, நடுவுல தண்ணி கேக்கிறதோட சேத்துப் பதிங்க.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கிறேன். பின்னாடி கதவுகிட்ட ஒரு மேசை போட்டிருக்கு. நூலகர் அம்மா சம்மதத்தோட இந்த நூலகத்துக் கதைப் புத்தகங்கள்ல ஒரு கட்டு எடுத்து அங்க வச்சிருக்கோம், கூடவே சின்னச் சின்ன வெள்ளைத் தாள், பசை, பென்சில். போறப்ப ஒவ்வொருத்தரும் உங்க பிள்ளையோட ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு கதையைப் படிச்சுச் சொல்லுங்க. அடியில நீதின்னு போட்டிருக்கிற வரி மேல வெள்ளைத் தாளை ஒட்டிடுங்க. பிள்ளை என்ன கேக்குதோ அதை அது மேல எழுதுங்க, பிள்ளையோட கையெழுத்துலயே. முதல் புத்தகத்துல நான் ஏற்கனவே ஒட்டிட்டேன், ஜன்னல் ஓரத்துப் பொண்ணு கேட்ட ரெண்டு கேள்வியும் அதுல இருக்கு, கீழ பதிலுக்கு இடம் விட்டிருக்கேன். பசை காயுற வரைக்கும் புத்தகத்தை மூடிடாதீங்க, பக்கம் ஒட்டிக்கும். நன்றி, வணக்கம்.